பட்டா கையில் இருக்கிறது, மனை எங்கே?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பிப்ரவரி 28 இரவு ஒரு தனிக் கணக்கு எடுத்தார்கள். பேருந்து நிலையம், கோயில் மண்டபம், பாலத்தடி, சாலையோரம் எனக் கூரையின்றிப் படுத்திருந்தவர்களை எண்ணிய கணக்கு அது. நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் வீடற்றவர்கள் என்று தெரியவந்தது. அவர்களில் ஏறத்தாழ 8.3 லட்சம் பேர் கிராமப்புறத்தில் இருந்தவர்கள். வீடில்லாமை என்றால் நகரத்து நடைபாதைதான் என்று நினைப்பவர்களுக்கு இந்த எண்ணிக்கையே பதில்.

ஆனால், நம் சேரிகளில் வீடில்லாமல் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கணக்கெடுக்க வருபவர் பார்க்கும்போது தலைக்கு மேல் ஏதோ ஒரு கூரை இருக்கும். 1980-களில் கட்டிய ஒரே தொகுப்பு வீட்டில் அப்பா அம்மா, கல்யாணமான இரண்டு மகன்கள், பேரப்பிள்ளைகள் என மூன்று குடும்பங்கள் இருக்கும். வாய்க்கால் கரையில் தார்ப்பாய் போட்ட குடிசை இருக்கும். அதற்கு ‘பி மெமோ’வும் வந்துகொண்டிருக்கும். தோப்புக்காரர் காவலுக்கு இருக்கச் சொன்ன கொட்டகை இருக்கும். செங்கல் சூளையில் ஆறு மாதம், ஊரில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஆறு மாதம் என்று காலம் தள்ளும் குடும்பங்கள் இருக்கும். இவர்கள் எல்லாரும் கணக்கில் வீடு உள்ளவர்கள்.

எங்களைப் பொறுத்தவரை, இன்னொருவர் ‘காலி பண்ணு’ என்று சொன்னால் மறுநாளே பாயைச் சுருட்ட வேண்டிய நிலையில் இருக்கும் எவரும் வீடற்றவரே. அந்த நிலையிலிருந்து ஒரு குடும்பம் எப்படி வெளியே வருகிறது? வீடு கட்டிக் கொடுத்தால் வந்துவிடும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் பதில். மனுக்களோடு அலுவலகங்களுக்கு நடந்ததில் நாங்கள் கண்ட பதில் வேறு. முதலில் மனை வேண்டும். அந்த மனை அந்தக் குடும்பத்தின் பெயரில், முடிந்தவரை பெண்ணின் பெயரில், கிராமக் கணக்கில் ஏற வேண்டும். ஏறிய மனையைச் சர்வேயர் அளந்து கல் நட்டுக் காட்ட வேண்டும். இந்த மூன்றும் முடிந்த பிறகு கட்டப்படும் வீடுதான் நிலைக்கிறது.

காலடி நிலம் யாருடையது?

செங்கல்பட்டில் ஆட்சியராகப் பணியாற்றிய டிரெமன்ஹீர், 1891-ல் பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892-ல் பிறந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. பஞ்சமி என்றதும் நமக்கு உழவு நிலம் நினைவுக்கு வருகிறது. அந்த அறிக்கை குடியிருப்பு மனை பற்றியும் பேசியது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. குடிசை போட்ட மண்ணே மிராசுதாருடையதாக இருக்கும்போது, அந்தக் குடிசையில் இருப்பவர் அவரை எதிர்த்து ஒரு சொல் பேச முடியாது. கூலி போதாது என்றால், வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறேன் என்றால், கிடைக்கும் பதில் ஒன்றுதான்: குடிசையைப் பிரித்துக்கொண்டு போ.

இது நூறு ஆண்டுக்கு முந்தைய கதையாக முடிந்துவிடவில்லை. கீழத்தஞ்சையில் பண்ணையாட்களின் குடியிருப்பு, பண்ணையாரின் நிலத்திலேயே வெகுகாலம் இருந்தது. கூலி உயர்வு கேட்டதன் உச்சத்தில்தான் 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணி எரிந்தது. ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். அடுத்த மூன்று ஆண்டுக்குள், 1971-ல், குடியிருப்பு மனைகளை அதில் வாழ்ந்த விவசாயத் தொழிலாளர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கங்களின் நெடும் போராட்டத்துக்குக் கிடைத்த பலன் அது.

அந்தச் சட்டம் எவருக்கும் மாடி வீடு கட்டிக் கொடுக்கவில்லை. பழைய குடிசைதான், பழைய மண்சுவர்தான். ஆனால், காலடி மண் சொந்தமானது. நாளைக்குக் கூலி கேட்டால் குடிசையைப் பிரிக்க யாரும் வர முடியாது. வீடில்லாமையிலிருந்து வெளியேறும் முதல் அடி இதுதான் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இந்த வரலாறு. மனை சொந்தமானவர் கூலி கேட்கிறார். தேர்தலில் தன் விருப்பப்படி ஓட்டுப் போடுகிறார். வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல நீதிமன்றம் ஏறுகிறார். தோப்புக் கொட்டகையில் இருப்பவரால் இந்த மூன்றையும் செய்ய முடிவதில்லை.

மூன்று சென்ட்டுக்கு முப்பது ஆண்டு

தனியார் நிலத்தைக் கையகப்படுத்தி ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனை கொடுப்பதற்கென்றே 1978-ல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. நாம் ஏற்காத ‘அரிசன’ என்ற சொல் அதன் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும், சேரிக்குப் பக்கத்தில் அரசுப் புறம்போக்கு இல்லாத ஊர்களில் இந்தச் சட்டமே நமக்கு வழி.

அது எளிதாக நிலைக்கவில்லை. நில உடைமையாளர்கள் வழக்கு மேல் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், இழப்பீட்டைத் தவணையில் தரலாம் என்ற பிரிவு மட்டும் அடிபட, சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. 2013-ல் மத்திய அரசின் புதிய நிலம் எடுப்புச் சட்டம் வந்ததும் மீண்டும் சிக்கல். 2019-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் முடங்கியது. மாநில அரசு புதுச் சட்டம் இயற்றி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நாட்டின் பிற பகுதியிலும் இதே மோதல்தான். உத்தரப் பிரதேசத்தில் பட்டியல் சாதியினருக்கு வீடு கட்ட நிலம் எடுத்ததை எதிர்த்து வந்த சமேலி சிங் வழக்கில், தங்குமிடம் என்பது அரசமைப்பின் 21-ம் கூறு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடு சலுகை இல்லை, உரிமை என்ற அந்தத் தீர்ப்பு தலித்துகளின் வீட்டுமனை வழக்கில்தான் பிறந்தது என்பதைச் சட்டம் படிக்கும் நம் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

சட்டம் வென்றது. மனை என்ன ஆனது? விழா மேடையில் பட்டா வாங்குகிறார்கள். மூன்று சென்ட். சர்வே எண், மனை எண், நான்கெல்லை எல்லாம் தாளில் இருக்கும். நிலத்தில் போய்ப் பார்த்தால் பழைய உடைமையாளர் நெல் நட்டிருப்பார். தனி வட்டாட்சியரிடம் போனால், வழக்கு நிலுவை என்பார். வழக்கு முடிந்துவிட்டது என்று தீர்ப்பு நகலோடு போனால், சர்வேயர் இல்லை என்பார். சர்வேயர் வரும் நாளில், ஊரில் பதற்றம் என்று போலீஸ் பாதுகாப்பு கிடைக்காது. இப்படியே பத்து ஆண்டு, இருபது ஆண்டு ஓடும். பட்டா வாங்கிய அம்மா இறந்துபோவார். பட்டாவில் குறிப்பிட்ட காலத்துக்குள் வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். கட்டவில்லை என்று காரணம் காட்டி அதை ரத்து செய்வதற்கும் நோட்டீஸ் வரும். மனையையே காட்டாமல், அதில் ஏன் வீடு கட்டவில்லை என்று கேட்கும் கொடுமையை வேறு எந்தத் துறையிலும் பார்க்க முடியாது.

அளந்து கொடுத்த இடத்திலும் பாதை இருக்காது. மனைப்பிரிவு வரைபடத்தில் இருபதடிப் பாதை இருக்கும்; நேரில் வரப்புதான் இருக்கும். செங்கல் வண்டி உள்ளே வராத இடத்தில் எப்படி வீடு கட்டுவது? ஊரின் கடைக்கோடியில், ஏரி நிறைந்தால் தண்ணீர் ஏறும் பள்ளத்தில் மனை ஒதுக்குவதும் வாடிக்கை. ஊர் வேண்டாமென்று விட்ட இடம் சேரிக்கு வருகிறது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலை, பெருமழையில் தனியார் வீட்டுச் சுற்றுச்சுவர் சரிந்து 17 தலித்துகள் தூக்கத்திலேயே இறந்தார்கள். சுமார் 20 அடி உயரச் சுவரின் அடியில் அவர்களின் வீடுகள் இருந்தன. கூரை இருந்தால் போதாது, எங்கே இருக்கிறது என்பதும் உயிர்ப் பிரச்சினை.

வீட்டுத் திட்டங்கள் கேட்கும் முதல் தாள்

வீடு கட்ட அரசிடம் திட்டம் இல்லாமல் இல்லை. இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-ல் தொடங்கியபோது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கென்றே வந்தது. 2016-ல் அது பிரதமர் வீடு கட்டும் திட்டமாக மாறியது. தமிழ்நாட்டில் 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-ல் பசுமை வீடு, 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் என அடுத்தடுத்து வந்தன. கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். 2030-க்குள் குடிசை இல்லாத தமிழ்நாடு, அதற்கு 8 லட்சம் வீடுகள் என்று இலக்கு அறிவித்தார்கள்.

நல்லது. ஆனால் விண்ணப்பம் எழுதப் போனால் முதலில் கேட்பது என்ன? பட்டா. அதாவது, பாதி தூரம் கடந்து வந்தவருக்கு மீதி தூரம் போக இந்தத் திட்டங்கள் கை கொடுக்கின்றன. புறம்போக்கில் இருப்பவர், கூட்டுக் குடும்பத்தில் ஒண்டியிருப்பவர், அளக்காத பட்டா வைத்திருப்பவர் எல்லாரும் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். பிரதமர் வீடு கட்டும் திட்டத்துக்கு 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு அடிப்படையானது. அந்த ஆண்டு பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அப்பா பெயரில் வீடு இருப்பதால் அவன் குடும்பம் தனிக் குடும்பமாகத் தெரியவில்லை.

பட்டா உள்ளவருக்கும் அடுத்த தடை கடைக்கால். வேலை ஏறிய அளவைப் பார்த்துத்தான் தவணை வரும். கடைக்கால் தோண்டி, பேஸ்மட்டம் எழுப்ப யாரிடம் கைக்காசு இருக்கிறது? வட்டிக்கு வாங்குகிறார்கள். அடுத்த தவணை தாமதமானால், வட்டி கட்டவே சம்பாத்தியம் போய்விடும். நம் தெருக்களில் லிண்டல் மட்டத்தோடு நின்று, உள்ளே எருக்கஞ்செடி முளைத்த சுவர்கள் அப்படி நின்றவைதான். கடனோடு, பழைய குடிசையையும் பிரித்துவிட்டு, தார்ப்பாய்க்குள் இருக்கும் அந்தக் குடும்பம் முன்னைவிடக் கீழே போய்விட்டது.

தொகுப்பு வீடுகளின் கதை இன்னொன்று. முப்பது, நாற்பது ஆண்டுக்கு முன் கட்டியவை. கம்பி துருப்பிடித்துத் தளத்திலிருந்து காரை பெயர்ந்து விழுகிறது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் படுக்க அஞ்சி வாசலில் கொட்டகை போட்டுப் படுப்பவர்கள் உண்டு. பழைய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024-ல் அரசு திட்டம் அறிவித்தது. பூச்சு வேலையில் தேறாத வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தர வேண்டும். ஏற்கெனவே வீடு பெற்றவர் என்று கைவிரிக்கக் கூடாது.

இரண்டு குற்றச்சாட்டுகள்

‘மனை கொடுத்தால் விற்றுவிடுகிறார்கள், எத்தனை தடவை கொடுப்பது’ என்று அதிகாரிகள் கேட்பதுண்டு. விற்றவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் மருத்துவமனைச் செலவுக்கோ, மகள் கல்யாணத்துக்கோ, பாதையில்லாத மனையில் வீடு கட்ட முடியாமலோ விற்றவர்கள். அதற்கு மருந்து, பெண்ணின் பெயரிலோ இருவர் பெயரிலோ பட்டா கொடுப்பதும், பாதையும் தண்ணீரும் மின்சாரமும் சேர்த்துக் கொடுப்பதும்தான். சிலர் விற்றதைக் காட்டி மற்றவர்களின் உரிமையை மறுப்பது நியாயமாகாது.

‘நீர்நிலையை ஆக்கிரமித்திருக்கிறார்கள்’ என்பது இரண்டாவது. ஏரியும் வாய்க்காலும் காக்கப்பட வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஏரி வற்றினால் முதலில் வேலை இழப்பவர் விவசாயக் கூலிதான். ஆனால், ஊருக்குள் ஒரு சென்ட் இடம் கொடுக்காமல் கரைக்குத் தள்ளியது யார்? கரையில் குடிசை போட்டவரை இயந்திரம் கொண்டு அகற்றும் வேகம், ஏரிக்குள்ளேயே பல ஏக்கர் வளைத்துப் பயிர் வைத்திருப்பவரிடம் காணப்படுவதில்லை. அகற்றுவதற்கு முன் மாற்று மனையை அளந்து கையில் கொடுங்கள், அதுவும் பிள்ளைகளின் பள்ளிக்கும் வேலைக்கும் போகக்கூடிய தூரத்தில் கொடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

நிலைத்தவர்கள் எப்படி நிலைத்தார்கள்?

நாகப்பட்டினம், திருவாரூர்ப் பகுதியில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981-ல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலவுடைமையாளர்களிடம் பேசி நிலத்தை வாங்கி, ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தது. வீடு கட்டும் வேலை பிறகு அதன் மேல் எழுந்தது. 1997-ல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் திட்டத்தில் நூறு வீட்டில் நாற்பது ஆதிதிராவிடருக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து சென்ட் மனை. அத்திட்டத்தின் மீது நமக்கு விமர்சனங்கள் இருக்கலாம். ஆனால், சாலை, தண்ணீர், பள்ளி எல்லாம் சேர்ந்த இடத்தில், ஊரின் ஓரத்துக்குத் தள்ளாமல், மனையோடு வீடு கொடுத்தால் குடும்பம் நிலைக்கும் என்பதை அது காட்டியது.

இவை இரண்டிலும் பொதுவாக இருப்பது, நிலமும் வீடும் பிரியாமல் வந்ததுதான். நாங்கள் பார்த்த வரையில், பட்டாவை மனையாக்கிய தெருக்களில் இன்னொன்றும் உண்டு. தனித்தனியாக மனு கொடுத்தவர்கள் அலைந்து ஓய்ந்தார்கள். தெருவே சேர்ந்து ஒரே மனுவாக, பெண்கள் முன்னால் நின்று கேட்ட இடத்தில் சர்வேயர் சங்கிலியோடு வந்தார்.

படித்த பிள்ளைகள் செய்ய வேண்டியது

இந்தப் பத்தியைப் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். இந்த விடுமுறையில் உங்கள் தெருவுக்கு ஒரு கணக்கு எடுங்கள். ஒரு நோட்டில் வீடு வீடாக எழுதுங்கள்: இந்தக் கூரையின் கீழ் எத்தனை குடும்பம்? நிலம் நத்தமா, புறம்போக்கா, தனியாருடையதா? பட்டா இருக்கிறதா, யார் பெயரில், எந்த ஆண்டு? அளந்து கல் நட்டார்களா? கிராமக் கணக்கில் பெயர் ஏறியிருக்கிறதா? பட்டாவை இணையத்தில் சரிபார்க்க இன்று ஒரு கைப்பேசி போதும். தாளில் பட்டா இருந்து கணக்கில் பெயர் ஏறாதவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல்தான் முதல் மனு.

பழைய பட்டாக்களுக்கு, ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று நகல்கள் கேளுங்கள்: நிலம் எடுத்த ஆணை, பயனாளிகள் பட்டியல், மனைப்பிரிவு வரைபடம். வழக்கு இருப்பதாகச் சொன்னால் வழக்கு எண்ணைக் கேளுங்கள். எண் கிடைத்தால் அது நிலுவையா, முடிந்ததா என்பதை நாமே பார்த்துவிடலாம். திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். கிராம சபையில் மனையற்றோர் பட்டியலைத் தீர்மானமாக ஏற்றச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு இருக்கிறது. ஒதுக்கிய மனையை யாராவது ஆக்கிரமித்து வைத்திருந்தால், நுழையவிடாமல் தடுத்தால், அது வெறும் நிலத் தகராறு இல்லை. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய நிலத்தை முறைகேடாக வைத்திருப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3-ம் பிரிவின்படி குற்றம். சிவில் கோர்ட்டுக்குப் போ என்று காவல் நிலையத்தில் சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது புதுத் திட்டம் ஒன்றும் இல்லை. 1978 சட்டத்தின் கீழ் இந்த மாவட்டத்தில் எடுத்த நிலம் எவ்வளவு, கொடுத்த பட்டா எத்தனை, அவற்றில் அளந்து ஒப்படைத்தவை எத்தனை என்று கிராம வாரியாகப் பட்டியல் வெளியிடுங்கள். அளக்காதவற்றை, தேவைப்பட்டால் காவல் துறைப் பாதுகாப்போடு, அடுத்த ஜமாபந்திக்குள் அளந்து கொடுங்கள். வீடு கட்டும் திட்டத்தில் கடைக்காலுக்கான தொகையை முன்பணமாகக் கொடுங்கள். பட்டியல் வரும்வரை நம் தெருக்களின் நோட்டுகளோடு நாங்களும் திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருப்போம்.